கிருமி மடிந்த பின்னும் பேதி ஏன் உடனே நிற்பதில்லை?

அறுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நம் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தார். அரிசி களைந்த நீரைப் போன்ற பேதி நள்ளிரவிலிருந்து இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தது. கண்கள் குழி விழுந்திருந்தன, குரல் கம்மியிருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டால் அது மடிந்தபடியே நின்றது. பல மணி நேரமாகச் சிறுநீர் பிரியவில்லை. காலரா என்று ஐயுற்று உடனே நரம்பு வழியாக ரிங்கர் லாக்டேட் ஏற்றினோம். டாக்சிசைக்ளின் ஒரு வேளை கொடுத்தோம். பின்னர் வந்த ஆய்வக முடிவும் காலராவையே உறுதிசெய்தது.

மறுநாள் மாலை அவருடைய மகள் என்னிடம் கேட்டார்: "டாக்டர், மருந்து கொடுத்தாயிற்று, கிருமி அழிந்துவிடும் என்றீர்கள். ஒரு நாள் முழுவதும் ஆகியும் போவது நிற்கவில்லையே! இன்னும் வலுவான மருந்து எழுதித் தரக்கூடாதா? இந்த உப்புத் தண்ணீரையாவது நிறுத்தலாமா? கொடுக்கக் கொடுக்கத்தானே போகிறது?"

இந்தக் கேள்வி புதியதன்று. பேதியோடு வரும் நோயாளிகளின் வீட்டார் பலரும் ஏதோ ஒரு வடிவில் இதைக் கேட்கின்றனர். வார்டில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லும் விடை பெரும்பாலும் அவர்களை நிறைவு செய்வதில்லை. ஆகவே அந்த அம்மையாரின் இசைவுடன், அவரை அடையாளம் காட்டாமல், சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன். விடை ஒரு புரதத்தின் வடிவத்தில் இருக்கிறது. அப்புரதம் எங்கே இறுக்கமாக இருக்கிறது, எங்கே நெகிழ்ந்து அவிழ்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், நாங்கள் ஏன் மருந்தைக் கூட்டுவதைவிடக் கரைசலை வற்புறுத்துகிறோம் என்பதும் விளங்கும்.

காலராக் கிருமியை 1884ஆம் ஆண்டு கல்கத்தாவில் ராபர்ட் கோக் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். அது குடலை எவ்வாறு தாக்குகிறது என்பது தெளிவாவதற்கு மேலும் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1959இல், அதே கல்கத்தாவில், சம்புநாத் தே என்ற நோய்க்கூற்றியல் மருத்துவர் எளிய ஆய்வொன்றைச் செய்தார். காலராக் கிருமிகள் வளர்ந்த திரவத்தை வடிகட்டிக் கிருமிகளை முற்றிலும் நீக்கினார். முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதற்குள் அந்தக் கிருமியற்ற திரவத்தைச் செலுத்தினார். குடல் நீரால் உப்பியது. ஒரு கிருமிகூட இல்லாமலே காலராவின் பேதி உண்டாகிவிட்டது! கிருமி வெளியே விட்ட ஏதோ ஒரு பொருளே நோயைச் செய்கிறது என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது. அப்பொருளே காலரா நஞ்சு. மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குக் கோக்கின் பெயரைச் சொல்லிக் கொடுத்த அளவுக்குத் தேயின் பெயரைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது எனக்கு இன்றும் ஒரு குறைதான்.

மகளின் கேள்விக்கு முதற்பாதி விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது. நோயைச் செய்வது கிருமி அன்று, கிருமி விடும் நஞ்சு. கிருமியைக் கொல்லும் மருந்து, ஏற்கெனவே வெளியேறிய நஞ்சைத் திரும்ப அழைக்காது. எஞ்சிய பாதியை அறிய, அந்த நஞ்சு கிருமியை விட்டு எப்படி வெளியேறுகிறது, நம் செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்று பார்க்க வேண்டும்.

காலரா நஞ்சு ஒரு புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட சரம். சரமாக இருக்கும்வரை அதனால் பயனில்லை. குறிப்பிட்ட முறையில் மடிந்து சுருண்டு ஒரு வடிவம் கொண்ட பின்னரே அது வேலை செய்யும். அந்த வடிவம் எவ்வளவு உறுதியாக நிலைக்கிறது என்பதைத்தான் புரதத்தின் நிலைத்தன்மை என்கிறோம். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுத்துக் கெட்டியாவது அதிலுள்ள புரதங்களின் மடிப்புகள் குலைவதால்தான். எல்லாப் புரதங்களும் ஒரே சூட்டில் குலைவதில்லை. கெட்டுப்போன உணவில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா விட்டுச்செல்லும் நஞ்சு, நீர் கொதிக்கும் வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தாலும் செயலிழக்காது. வெளியில் நெடுநேரம் இருந்த பிரியாணியையோ இனிப்பையோ "நன்றாகச் சூடாக்கிவிட்டேன்" என்று பரிமாறுவது பாதுகாப்பாகாமல் போவது இதனால்தான்: சூட்டில் கிருமி செத்திருக்கும், நஞ்சு அப்படியே இருக்கும்.

இப்போது கிருமியின் பக்கம் வருவோம். காலராக் கிருமியின் உடலைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சவ்வுகள் உள்ளன. இரண்டுக்கும் நடுவே குறுகலான ஓர் இடைவெளி. நஞ்சு உருவாவது உட்சவ்வுக்குள்ளே. அது வெளியே வரவேண்டுமெனில் இரு சவ்வுகளையும் கடந்தாக வேண்டும். சவ்வைக் கிழித்துக்கொண்டு வந்தால் கிருமியே மாண்டுவிடும். எனவே பாக்டீரியாக்கள் தம் புரதங்களை வெளியேற்றுவதற்கென்றே பல புரதங்கள் சேர்ந்த பொறிகளைக் கொண்டிருக்கின்றன. இவற்றைச் சுரப்பு அமைப்புகள் என்பர்; முதலாம் வகை, இரண்டாம் வகை என்று எண்ணிட்டு அழைப்பது வழக்கம். காலரா நஞ்சு வெளியேறுவது இரண்டாம் வகை அமைப்பின் வழியே.

அது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதற்கட்டத்தில், மடியாத சரமாகவே நஞ்சின் துண்டுகள் உட்சவ்விலுள்ள ஒடுங்கிய வழியினூடே இடைவெளிக்குள் செலுத்தப்படுகின்றன. சரத்தின் முனையில் ஏறத்தாழ 20 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துணுக்கு, நுழைவுச் சீட்டைப் போல இருக்கும்; கடந்தவுடன் அது வெட்டி எறியப்படும். இடைவெளியை அடைந்ததும் சரங்கள் மடியத் தொடங்குகின்றன. அங்குள்ள ஒரு நொதி அவற்றில் கந்தக அணுக்களுக்கு இடையே டைசல்பைடு பிணைப்பு என்னும் முடிச்சைப் போட்டு இறுக்குகிறது. 'பி' எனப்படும் ஐந்து துண்டுகள் கூடி நடுவில் துளையுள்ள வளையமாகின்றன. உளுந்து வடையை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஏ' என்னும் ஒற்றைத் துண்டு அதன்மேல் அமர்ந்து, தன் வாலை வளையத்தின் துளைக்குள் செருகிக்கொள்கிறது. நஞ்சு உண்மையில் 'ஏ'தான். 'பி' வளையம் அதைச் சுமக்கும் வாகனம்.

இந்த வளையத்தின் உறுதி வியப்புக்குரியது. புரதங்களைப் பிரித்துப்போடுவதற்கென ஆய்வகத்தில் பயன்படும் சலவைப் பொருளில் இட்டாலும், கொதிக்க வைக்காதவரை ஐந்து துண்டுகளும் பிரிவதில்லை. குடலில் உணவைச் செரிக்கும் நொதிகள் சுற்றிலும் இருக்கும் சூழலுக்கு அத்தகைய கட்டு தேவைதான்.

இரண்டாம் கட்டத்தில் இவ்வாறு முழுமையாகக் கட்டி முடிந்த நஞ்சு, குலையாமல் அப்படியே வெளிச்சவ்வைக் கடக்கிறது. வெளிச்சவ்வில் 15 துண்டுகள் வட்டமாகச் சேர்ந்த ஒரு வாயில் இருக்கிறது. வேலையில்லாத நேரத்தில் அதன் உட்கதவு மூடியே கிடக்கும். உட்சவ்விலிருந்து ஒரு குட்டையான புரதத்தண்டு வளர்ந்து, பிச்சாங்குழாயின் தண்டு நீரைத் தள்ளுவதுபோல் நஞ்சை அந்த வாயில் வழியே வெளியே தள்ளுவதாக இன்றைய ஆய்வுகள் விளக்குகின்றன. அந்தத் தண்டை இயக்கும் ஆற்றலைத் தரும் நொதி, கிருமியின் உள்ளே இருக்கிறது.

எல்லாப் பாக்டீரியாக்களும் இப்படிச் செய்வதில்லை. டைபாய்டு கிருமியிடம் இருப்பது மூன்றாம் வகை அமைப்பு. உருவத்தில் ஊசி போட்ட சிரிஞ்சையே ஒத்தது. அது தன் புரதங்களை வெளியே விடுவதில்லை, நம் செல்லுக்குள்ளேயே நேரடியாகச் செலுத்திவிடுகிறது. அந்த ஊசியின் உட்துளை ஏறத்தாழ 2 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை 10 லட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். மடிந்த புரதம் அதில் நுழையாது. ஊசியின் காதில் நூல் போகும், முடிச்சு போகாது அல்லவா? ஆகவே அனுப்ப வேண்டிய புரதங்களைத் துணைப் புரதங்கள் பிடித்து முழுதும் மடியவிடாமல் வைத்திருக்கின்றன. ஊசியின் அடியிலுள்ள நொதி ஒன்று எஞ்சிய மடிப்பையும் அவிழ்த்து உள்ளே விடுகிறது. ஜெல்லி மீனிலிருந்து எடுத்த, பச்சையாக ஒளிரும் புரதம் மிக இறுக்கமாக மடிவது. அதை இத்தகைய புரதத்தின் முனையில் ஒட்டி ஆய்வாளர்கள் அனுப்பிப் பார்த்தனர். முன்பகுதி ஊசிக்குள் நுழைய, ஒட்டிய பகுதி வாயிலேயே சிக்கி, வழியை அடைத்துவிட்டது. அதாவது, இவ்வகைக் கிருமிக்கு மிகையான நிலைத்தன்மை ஒரு தடை. டைபாய்டு கிருமி இவ்வாறு செலுத்தும் புரதங்களின் துணையால்தான் நம் வெள்ளணுக்களுக்குள்ளேயே குடியிருக்க முடிகிறது. தகுந்த மருந்து தொடங்கியும் டைபாய்டு காய்ச்சல் தணிய நான்கைந்து நாட்கள் பிடிப்பதற்கு, கிருமி செல்களுக்குள் ஒளிந்திருப்பதும் ஒரு காரணம்.

காசநோய்க் கிருமியிடம் உள்ளது ஏழாம் வகை. அதன் வழியே வெளிவரும் ஈசாட்-6 என்னும் சிறு புரதம், சி.எஃப்.பி.-10 என்ற மற்றொரு புரதத்தோடு இணைந்தே இருக்கும். பி.சி.ஜி. தடுப்பூசிக்குரிய கிருமியைக் கால்மெட், கெரான் என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் 1908 முதல் 1921 வரை ஆய்வகத்தில் மீண்டும் மீண்டும் வளர்த்து வலுவிழக்கச் செய்தனர். அதில் இவ்விரு புரதங்களுக்கும் உரிய மரபணுக்கள் இல்லை. அதனால்தான், இக்ரா என்னும் இரத்தப் பரிசோதனையில் இவ்விரு புரதங்களைப் பயன்படுத்தும்போது, குழந்தைப்பருவத்தில் பி.சி.ஜி. போட்டுக்கொண்டது முடிவைக் குழப்புவதில்லை. "எனக்கு பி.சி.ஜி. போட்டிருக்கிறதே, டெஸ்ட் தப்பாகக் காட்டாதா?" என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

காலராவுக்குத் திரும்புகிறேன். வெளியேறிய நஞ்சு சிறுகுடலின் உட்சுவரை அடைந்ததும், 'பி' வளையம் அங்குள்ள செல்களின் மேற்பரப்பில் ஜி.எம்.1 என்னும் சர்க்கரை கலந்த கொழுப்பைப் பற்றிக்கொள்கிறது. செல் அதைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. உள்ளே போன நஞ்சு, செல் தன் புரதங்களை வெளியே அனுப்பும் பாதையில் எதிர்த்திசையாகப் பயணம் செய்து, கோல்கை உறுப்பைக் கடந்து, புரதங்கள் மடிக்கப்படும் இடமான எண்டோபிளாச வலையை அடைகிறது. அந்த வலைக்கே உரிய நம் சொந்தப் புரதங்களின் முனையில், 'இது இங்கே திரும்பி வர வேண்டியது' என்பதற்கான நான்கு அமினோ அமில அடையாளம் இருக்கும். நஞ்சின் வாலிலும் அதே நான்கு எழுத்து இருக்கிறது. போலி முகவரி!

வலைக்குள் நம் செல்லின் ஒரு நொதியே 'ஏ' துண்டின் செயல்படும் பாகத்தை வளையத்திலிருந்து பிரித்துவிடுகிறது. இதுவரை இறுகி நின்ற நஞ்சின் மடிப்புகள் இங்கேதான் நெகிழ்கின்றன. வளையத்தின் பிடி விலகியதும், தனித்து நிற்கும் அந்தத் துண்டு நம் உடலின் இயல்பான 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே தானாகக் குலைந்து அவிழ்கிறது. அது சேதமன்று, நஞ்சுக்கு அதுதான் வேண்டும். மடிப்புக் குலைந்த புரதங்களை வலைக்குள்ளிருந்து வெளியே தள்ளி அழிப்பதற்கென நம் செல்லில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. குலைந்த நஞ்சைக் குப்பை என்று கருதிக் காவலே அதைச் செல்லின் உட்பகுதிக்குத் தூக்கி எறிகிறது. குப்பையை அழிக்க வேண்டுமாயின் அதில் அழிப்புக் குறி ஒட்ட வேண்டும். அக்குறி ஒட்டுவது பெரும்பாலும் லைசின் என்ற அமினோ அமிலத்தில். நஞ்சின் அத்துண்டிலோ லைசின் மிகமிகக் குறைவு. குறி ஒட்டப்படாமல் தப்பிய நஞ்சு, நம் செல்லின் துணைப் புரதங்களின் கைத்தாங்கலிலேயே மறுபடி மடிந்து உயிர்பெறுகிறது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடல் நோயாளிகளைப் பார்க்கிறேன். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் சற்று அச்சமாகவே இருக்கிறது.

உள்ளே வந்த நஞ்சு செய்யும் வேலை ஒன்றே. குடல் செல்லில் நீர் சுரப்பைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு விசை உண்டு. நஞ்சு அந்த விசையில் ஒரு வேதிக்குறியை ஒட்டி, அதைப் போட்ட நிலையிலேயே பூட்டிவிடுகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் பொருள் செல்லுக்குள் பெருகுகிறது. குளோரைடு வெளியேறும் வாயில்கள் திறந்தபடியே நிற்கின்றன. குளோரைடைத் தொடர்ந்து சோடியமும், அவற்றோடு நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. கடுமையான காலராவில் இவ்வாறு மணிக்கு 1 லிட்டர் வரைகூட இழப்பு ஏற்படலாம். குடல் புண்ணாவதில்லை, செல்கள் சாவதில்லை, குழாயை மூட மறந்த வீடு போலத்தான். குழாய் மூடுவது எப்போது? பெரும்பாலும் அந்த செல் தன் ஆயுள் முடிந்து உதிர்ந்து, புதிய செல் அந்த இடத்துக்கு வரும்போது. சிறுகுடலின் உட்பரப்பு மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது.

இதைத்தான் அந்த மகளிடம் படம் வரைந்து காட்டினேன். நேற்றுக் கொடுத்த மருந்து கிருமிகளை அழிப்பதால் புதிய நஞ்சு உருவாவது நிற்கும். பேதி நீடிக்கும் காலமும் நீரின் அளவும் ஏறத்தாழப் பாதியாகும். அது பெரிய நன்மை. ஆனால், முன்பே பூட்டப்பட்ட விசைகளை எந்த ஆன்டிபயாடிக்காலும் திறக்க இயலாது. மருந்தின் அளவைக் கூட்டினாலும் வேறு 'வலுவான' மருந்தைச் சேர்த்தாலும், அழிக்க அங்கே கிருமி மிகுதியாக இல்லை. அந்த இரண்டு மூன்று நாட்களைக் கடக்கும்வரை, இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்துகொண்டே இருப்பதுதான் சிகிச்சை. அவ்வாறு ஈடுசெய்யாவிடில் சாவுக்குக் காரணமாவது நஞ்சு அன்று, வறட்சி. முதியோருக்குச் சிறுநீரகம் முதலில் பழுதாகும். அந்த அம்மையாருக்கும் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு ஏறத் தொடங்கியிருந்தது.

உப்பு சர்க்கரைக் கரைசல் எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நஞ்சு வெளியேற்றும் வாயில்களைத் திறந்து வைக்கிறது. ஆனால் உள்ளிழுக்கும் வாயில் ஒன்றை அதனால் தொட முடிவதில்லை. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்து வந்தால் மட்டும் திறக்கும் வாயில் அது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுடன் இரண்டு சோடியம் அயனிகள் உள்ளே போகும், நீர் பின்தொடரும். உப்பு மட்டும் கலந்த நீரோ, சர்க்கரை மட்டும் மிகுந்த பானமோ இதைச் செய்யாது. ஆகவேதான் அளவு இத்தனை முக்கியம். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் 1 லிட்டர் நீருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம்.

1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையைக் கடந்து வந்த அகதிகள் போங்கான் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தனர். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் அளவாகக் கலந்து பொட்டலமாக்கிக் கொண்டுவரச் செய்தார். கரைசலை நோயாளிகளுக்கு ஊட்டியவர்களில் பெரும்பாலோர் அவர்களுடைய உறவினர்களே. முன்னர் நூற்றுக்கு 30 ஆக இருந்த இறப்பு, அவருடைய பொறுப்பில் இருந்தவர்களிடையே 4க்கும் கீழே இறங்கியது. துணைக்கு இருப்பவரின் கையிலுள்ள குவளை எவ்வளவு செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: இக்கரைசல் பேதியை நிறுத்தாது. கரைசல் குடித்த பின்னும் போகும். போவதைப் பார்த்து மனம் தளர்ந்து நிறுத்திவிடுவதுதான் வீட்டில் நேரும் பெரும் பிழை. போவது குடித்த நீர் மட்டுமன்று. குடிக்காவிட்டாலும் உடலிலிருந்து அது போய்க்கொண்டுதான் இருக்கும்.

நஞ்சின் நிலைத்தன்மை பற்றி இன்னொரு செய்தி, வயிற்று எரிச்சலுக்காக மாத்திரை எடுப்பவர்களுக்கு உரியது. 'பி' வளையம் அத்தனை உறுதியானது என்றேன். அது அமிலத்துக்கு மட்டும் தாங்காது. இரைப்பையின் அமிலத்தில் ஐந்து துண்டுகளும் பிரிந்துபோகும். டுகோரல் என்ற வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்தில் கொல்லப்பட்ட கிருமிகளோடு 'பி' வளையமும் சேர்க்கப்பட்டிருப்பதால், அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் கரைசலில் கலந்தே அதைக் குடிக்க வேண்டும். நம் நாட்டில் உருவான சான்கோல் மருந்தில் 'பி' வளையம் இல்லை. அதற்கு அந்தக் கரைசலும் தேவையில்லை. நோயின்போது நஞ்சு உருவாவது இரைப்பையைத் தாண்டிய சிறுகுடலில் என்பதால் அதற்கு இந்த இடர்ப்பாடு நேர்வதில்லை. ஆனால் காலராக் கிருமியே அமிலத்தில் எளிதில் சாகக்கூடியது. இரைப்பையில் அமிலம் குறைந்திருப்பவருக்குச் சிறிதளவு கிருமியே நோயைத் தந்துவிடும். அந்த அம்மையார் மருத்துவர் சொல்லாமலே பாண்டோபிரசோல் மாத்திரையை ஈராண்டாக நாள்தோறும் விழுங்கி வந்தார் என்பது பின்னர்தான் தெரிந்தது. இம்மாத்திரை தேவைப்படுவோர் பலர் உள்ளனர். அவர்கள் நிறுத்த வேண்டாம். யார் எப்போது எதற்காகத் தொடங்கினார் என்றே நினைவில்லாமல் எடுத்துக்கொண்டிருப்பவர்கள், அடுத்த முறை வரும்போது அதைப் பற்றிக் கேளுங்கள்.

குலைந்தால்தான் செல்லின் உட்பகுதியை அடையும் என்றால், குலையாமல் பிடித்து வைத்தால் என்ன? இக்கேள்வியை ஆய்வாளர்களும் கேட்டனர். யூரியா சுழற்சிக் குறைபாடு என்னும் அரிய பிறவி நோய்க்குப் பயன்படும் ஃபீனைல்பியூட்டிரேட் என்ற மருந்து, அந்த நஞ்சுத் துண்டைப் பற்றிக்கொண்டு 37 டிகிரியிலும் மடிந்தபடியே நிற்கச் செய்கிறது. அதனால் நஞ்சு எண்டோபிளாச வலைக்குள்ளேயே அடைபட்டுப் போகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. நஞ்சை உடைப்பதற்கு மாறாக, அதை மேலும் உறுதியாக்கிச் செயலிழக்கச் செய்வது! இது இன்னும் நோயாளிக்குக் கொடுக்கும் காலரா மருந்தாகவில்லை. இந்த இதழைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடையில் கேட்க வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். காலரா மட்டுமன்று, நீராகப் போகும் எந்தப் பேதிக்கும் இவை பொருந்தும். ஒரு முழுப் பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு கொதித்து ஆறிய நீரில், முழுவதுமாகக் கரையுங்கள். பாதிப் பொட்டலம், கண்ணளவு நீர் என்று செய்யாதீர்கள். சர்க்கரையோ பழச்சாறோ கூடுதலாகச் சேர்க்க வேண்டாம். கடைகளில் அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகா. மிகுந்த சர்க்கரை நீரைக் குடலுக்குள் மேலும் இழுக்கும். ஒவ்வொரு முறை போன பின்னும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர், இரண்டிலிருந்து பத்து வயதுவரை 100 முதல் 200 மில்லிலிட்டர், பெரியவர்களுக்கு அவர்கள் விரும்பும் அளவு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். குழந்தைகளுக்குத் துத்தநாக மருந்தும் கொடுப்போம். பேதி நின்ற பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை அது தொடர வேண்டும். குடலின் அசைவை அடக்கும் லோபெராமைடு போன்ற மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். விசை பூட்டியே இருக்க, நீர் குடலுக்குள் தேங்கும், அவ்வளவே. இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் நீரின் அளவைத் தாமே குறைத்துக்கொள்ளாமல், தொலைபேசியிலாவது எங்களைக் கேளுங்கள்.

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாவிட்டாலோ, குடிப்பதெல்லாம் வாந்தியானாலோ, மயக்கமோ குழப்பமோ தெரிந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, காலையாகட்டும் என்று காத்திராமல் அழைத்து வந்துவிடுங்கள். கரைத்து வைத்த கரைசல் 24 மணி நேரம் வரைதான். மிச்சம் இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.